ஜன்னலில் தொங்கிய ஸ்பீக்கர்

2024 ஜூன் 8, சனி. ஆலன்டவுன், பென்சில்வேனியா

பக்கத்து வீட்டுப் பாட்டி இன்று கராஜ் சேல் போட்டிருந்தார். 76 வயது. வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கப் போகிறார். பீங்கான் தட்டுகளுக்கும் கிறிஸ்துமஸ் விளக்குச் சரத்துக்கும் நடுவே ஒரு சாம்பல் நிற உலோகப் பெட்டி கிடந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, நல்ல கனம். முன்பக்கம் சல்லடைத் துளைகள், கீழே ஒரு திருகு, பின்னால் கொக்கி. அடியில் ஒரு முழம் வயர், நுனி பிய்ந்து செம்புக் கம்பி தெரிந்தது.

"பழைய இன்டர்காமா?" என்றேன்.

"திருட்டுப் பொருள். விற்பனைக்கு இல்லை" என்றார்.

ஜூன் 9, ஞாயிறு

காபிக்குக் கூப்பிட்டார். போனதே அந்தப் பெட்டிக்காகத்தான்.

அது டிரைவ்-இன் தியேட்டர் ஸ்பீக்கர். டிரைவ்-இன் என்றால் காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளித் தியேட்டர். ஒவ்வொரு காருக்கும் பக்கத்தில் ஒரு கம்பம் இருக்கும். அதிலிருந்து ஸ்பீக்கரை எடுத்துக் கார்க் கண்ணாடியில் மாட்டிக்கொள்ள வேண்டும். படம் முடிந்ததும் திரும்பக் கம்பத்தில் வைக்க வேண்டும். 1956 கோடையில் ஒரு ராத்திரி அவருடைய அப்பா வைக்க மறந்து வண்டியை எடுத்துவிட்டார். டப்பென்று ஒரு சத்தம். வெட்கத்தில் நிறுத்தாமலே வீட்டுக்கு வந்துவிட்டாராம். இப்படி மறந்து இழுத்துக்கொண்டு போகிறவர்கள் நாடு முழுக்க இருந்ததால், கிளம்பும் முன் ஸ்பீக்கரைத் திரும்பக் கம்பத்தில் வைத்துவிட்டுப் போங்கள் என்று திரையிலேயே போடுவார்கள்.

என்ன படம் என்று கேட்டேன். நினைவில்லை என்றார். ஆனால் பைஜாமா நினைவிருக்கிறது. குழந்தைகளைக் குளிப்பாட்டி, பைஜாமா போட்டுத்தான் அழைத்துப்போவார்கள். பின் சீட்டில் தூங்கிப்போனால் அப்படியே தூக்கிக் கட்டிலில் போடலாம். திரைக்கு அடியில் ஊஞ்சல், சறுக்குமரம். இருட்டும்வரை அங்கேதான். கேன்டீனில் கொசுவத்திச் சுருளும் விற்பார்கள். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அமெரிக்காவைப் பற்றி ஆயிரம் படித்திருக்கிறேன், காருக்குள் கொசுவத்தி புகையும் என்று யாருமே சொன்னதில்லை.

ஜூன் 12, புதன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிரைவ்-இன் தியேட்டரின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். ரிச்சர்ட் ஹாலிங்ஸ்ஹெட் என்பவர் நியூ ஜெர்சிக்காரர், அப்பாவின் கார் சாமான் வியாபாரத்தில் இருந்தவர். வீட்டு முற்றத்தில் மரங்களுக்கிடையே திரை கட்டி, கார் பானெட் மேல் புரொஜெக்டரை வைத்துப் பார்த்திருக்கிறார். மழையில் படம் தெரியுமா என்று அறிய, தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாயைக் காரின் மேல் திருப்பிவிட்டாராம். மனுஷனை எனக்குப் பிடித்துவிட்டது.

முன்னால் நிற்கும் கார் பின்னால் இருப்பவருக்கு மறைக்குமே? அதற்குத்தான் அவர் வாங்கிய பேட்டன்ட். தரையை வரிசை வரிசையாக மேடாக்கி, காரின் முன்சக்கரம் மேட்டில் ஏறி மூக்கு தூக்கி நிற்கும்படி செய்தார். 1933 ஜூன் 6 அன்று கேம்டன் பக்கத்தில் முதல் தியேட்டர் திறந்தது. காருக்கு 25 சென்ட், ஆளுக்கு 25 சென்ட். அப்போது தனி ஸ்பீக்கர் கிடையாது. திரையருகே இருந்து அலறவிட்டார்கள். பின்வரிசைக்கு உதடு அசைந்து கொஞ்சம் கழித்துத்தான் வசனம் வந்து சேரும். ஊர்க்காரர்களுக்கோ தூக்கம் போச்சு. காருக்கொரு ஸ்பீக்கர் பரவலானது இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான்.

ஜூன் 13, வியாழன்

போரிலிருந்து திரும்பியவர்கள், புறநகர் வீடு, தவணையில் கார், வரிசையாகக் குழந்தைகள்: 1950களின் அமெரிக்கக் குடும்பத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த பொழுதுபோக்கு இது. ஆள் வைத்துக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் செலவு மிச்சம். 1958 வாக்கில் நாடு முழுக்க 4,000க்கு மேல் டிரைவ்-இன்கள் இருந்தன. இப்போது ஏறக்குறைய 300தான்.

டிவியும் வீடியோ கேசட்டும் கொன்றுவிட்டன என்பார்கள். நிலம்தான் முக்கியக் காரணம் என்று எனக்குப் படுகிறது. பல ஏக்கர் மனை. அதிலும் வருஷத்தில் பாதி நாள், ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் சம்பாத்தியம். ஊர் வளர்ந்து மனை விலை ஏறினால் எந்த முதலாளி தாங்குவார்? போதாக்குறைக்கு, கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும் வழக்கம் 1967 முதல் அநேகமாக நாடு முழுவதற்கும் வந்தது. சூரியன் எட்டரைக்கு அடங்கினால் படம் ஒன்பதுக்குத்தான். பள்ளிக்கூடப் பிள்ளையை யார் அந்நேரத்துக்குக் கூட்டிப்போவார்?

பாட்டி போன தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது ஒரு ஷாப்பிங் சென்டர். "அந்த பார்க்கிங்கிலும் காரை நிறுத்தியிருக்கிறேன். பார்க்கத்தான் ஒன்றும் இல்லை" என்றார்.

ஜூன் 15, சனி

பாட்டியையும் என் பெண்ணையும் கூட்டிக்கொண்டு ஓர்ஃபீல்டில் உள்ள ஷாங்க்வைலர்ஸ் போனேன். இங்கிருந்து பக்கம்தான். 1934இல் திறந்தது, இன்றும் ஓடுகிற டிரைவ்-இன்களில் இதுவே மூத்தது. ஒலி இப்போது எஃப்எம்மில் வருகிறது, கார் ரேடியோவைத் திருப்பினால் போதும்.

சென்னையில் ஈசிஆர் பிரார்த்தனா டிரைவ்-இன்னில் படம் பார்த்தவன் நான், அதனால் புதுசில்லை என்று நினைத்துப் போனேன். ஆனால் பாட்டி கைப்பையிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, கொக்கியை மாட்டினார். திருகைத் திருகி "சத்தம் போதுமா?" என்று என் பெண்ணைக் கேட்டார். அவள் "இன்னும் கொஞ்சம்" என்றாள். நான் சத்தமில்லாமல் ரேடியோவைக் கூட்டினேன்.

இடைவேளைக்குள் பெண் தூங்கிவிட்டாள். பைஜாமாவில்தான் வந்திருந்தாள், பாட்டி உத்தரவு.

படம் முடிந்து சாவியைத் திருப்பினால் வண்டி முக்கியது. ரேடியோ பேட்டரியைக் குடித்திருந்தது. பக்கத்துக் கார்க்காரர் கேபிள் கொண்டுவந்து போட்டுக் கிளப்பிவிட்டார். சீசனுக்குப் பத்துப் பேருக்காவது இப்படிச் செய்கிறாராம். சரி என்று கியரைப் போடப் போனேன்.

"இரு" என்றார் பாட்டி. கண்ணாடியிலிருந்து ஸ்பீக்கரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "இப்போது எடு."