மீன்தொட்டிச் செடிகளுக்கு உரக்கரைசல்: செறிவு அலகுகளை மாற்றிச் செய்து பார்த்த அனுபவம்

செடிகள் வளரும் 60 லிட்டர் மீன்தொட்டிக்கு வேண்டிய உரக்கரைசலை, உலர்ந்த உப்புகளை வாங்கி நானே தயாரிக்கத் தொடங்கியிருக்கிறேன். எடை போடுவதும் கலக்குவதும் எளிது. தொட்டிக்கான இலக்கு லிட்டருக்கு மில்லிகிராமிலும், புட்டியில் உள்ள கரைசல் லிட்டருக்குக் கிராமிலும், ஊற்றும் அளவு மில்லிலிட்டரிலும் இருப்பதால், ஓர் அலகிலிருந்து இன்னோர் அலகுக்குத் தடுமாறாமல் போய்வருவதில்தான் முழுக் கவனமும் தேவைப்படுகிறது.

முதல் கரைசல் பொட்டாசியம் நைட்ரேட். ஒரு வேளை உரத்தால் தொட்டி நீரின் நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராம் உயர வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். அப்படியானால் 60 லிட்டருக்கு 600 மில்லிகிராம் நைட்ரேட் வேண்டும். உப்பின் நிறை முழுவதும் நைட்ரேட் அல்ல. அதன் மூலக்கூறு நிறையான 101.1-இல் நைட்ரேட்டின் பங்கு 62, அதாவது 61.3 விழுக்காடு. ஆகவே 600-ஐ 0.6133-ஆல் வகுக்க, 978 மில்லிகிராம் உப்பு என்று வருகிறது. இது 10 மில்லிலிட்டர் கரைசலில் அடங்க வேண்டுமானால், கரைசலின் செறிவு மில்லிலிட்டருக்கு 97.8 மில்லிகிராம்.

இங்கேதான் மெட்ரிக் முறையின் வசதி தெரிகிறது. மேலே உள்ள நிறையையும் கீழே உள்ள கனஅளவையும் சேர்த்தே ஆயிரம் மடங்காக்கினால் எண் மாறுவதில்லை. மில்லிலிட்டருக்கு 97.8 மில்லிகிராம், லிட்டருக்கு 97.8 கிராம், கன மீட்டருக்கு 97.8 கிலோகிராம் ஆகிய மூன்றும் ஒரே செறிவுதான். நிறை மட்டும் மாறும்போது எண்ணும் மாறும்: அதே கரைசல் லிட்டருக்கு 97,800 மில்லிகிராம். டெசிலிட்டருக்குக் கிராம் என்று எழுதினால் 9.78, நிறைக்குக் கனஅளவு என்ற விழுக்காட்டிலும் அதே 9.78 தான், ஏனெனில் 100 மில்லிலிட்டரும் ஒரு டெசிலிட்டரும் ஒன்றே. கன சென்டிமீட்டர் வரும் இடத்தில் மட்டும் நிதானம் வேண்டும். ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர் என்றாலும், ஒரு கன மீட்டருக்குப் பத்து லட்சம் கன சென்டிமீட்டர். அதனால் கன சென்டிமீட்டருக்கு ஒரு கிராம் என்பது கன மீட்டருக்கு 1000 கிலோகிராம் ஆகிறது. பெருக்குவதா வகுப்பதா என்று மனப்பாடம் செய்வதைவிட, நிறையை ஒரு வரியிலும் கனஅளவை அடுத்த வரியிலும் தனித்தனியே மாற்றிவிட்டுப் பிறகு வகுப்பதே நம்பகமான வழி என்பது என் முடிவு.

அரை லிட்டர் புட்டிக்கு 48.9 கிராம் உப்பு. பொட்டாசியம் நைட்ரேட் கரையும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால், கலக்கக் கலக்க அளவுக் குடுவையின் கண்ணாடி விரல்களுக்குச் சில்லென்று ஆனது. வெளிப்புறம் மெல்ல வியர்த்தது. குளிர்ந்த நிலையில் கோடு வரை நீரை நிரப்பினால் அறை வெப்பநிலைக்குத் திரும்பும்போது மட்டம் சற்று ஏறிவிடும். ஆகவே கோட்டுக்குக் கீழே நிறுத்தி, குடுவை பழைய சூட்டுக்கு வரும்வரை காத்திருந்து, பிறைத்தளத்தின், அதாவது நீரின் வளைந்த மேற்பரப்பின், அடிப்பகுதி கோட்டைத் தொடும்படி கடைசி நீரைத் துளித்துளியாக விட்டேன். 500 மில்லிலிட்டர் நீரில் உப்பைப் போடுவதும், உப்பைக் கரைத்து மொத்தம் 500 மில்லிலிட்டர் ஆக்குவதும் வேறு வேறு. லிட்டருக்குக் கிராம் என்பதில் வரும் லிட்டர், கரைசலின் லிட்டர்.

பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு என்பதை, லிட்டருக்கு மில்லிகிராமாக எடுத்துக்கொள்வது தொட்டி நீருக்குப் பொருந்தும். ஒரு லிட்டர் நீர் 20 டிகிரி செல்சியஸில் 0.998 கிலோகிராம் இருப்பதால் வேறுபாடு ஆயிரத்தில் இரண்டுதான். ஒரு கிலோகிராம் நீரின் கனஅளவே லிட்டர் என்ற வரையறை 1901 முதல் 1964 வரை நடைமுறையில் இருந்ததும் இந்தப் பழக்கத்துக்குத் துணையாக இருந்திருக்கலாம். அடர்ந்த கரைசலில் இது செல்லாது. நிறைக்கு நிறை 10 விழுக்காடு உள்ள சாதாரண உப்புக் கரைசலின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.07 கிராம் என்பதால், அதன் செறிவு லிட்டருக்கு 107 கிராம், 100 அல்ல.

உரத்தை ஊற்றி நீர் நன்றாகச் சுழன்ற பிறகு சோதனை செய்தேன். முன்பு நைட்ரேட்டே காட்டாத நீர், இப்போது 10-க்கு உரிய நிறத்தைக் காட்டியது. நைட்ரஜனை மட்டும் கணக்கிடும் சோதனைப் பெட்டிகளும் உண்டு. அவற்றின் எண்ணை 4.43-ஆல் பெருக்கினால்தான் நைட்ரேட் அளவு கிடைக்கும். இதே நீர் அவற்றில் 2.26 என்றே வரும்.

இரும்புச் சத்துக்கு இலக்கு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம், அதாவது 100 மைக்ரோகிராம். தொட்டிக்கு 6 மில்லிகிராம் இரும்பு. 13 விழுக்காடு இரும்புள்ள தூளில் 46 மில்லிகிராம். கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் தராசில் இதை நம்பி எடை போட முடியாது. 50 வேளைக்குச் சேர்த்து 2.31 கிராமை அரை லிட்டர் கரைசலாக்கினால், ஒவ்வொரு 10 மில்லிலிட்டரிலும் அந்த 46 மில்லிகிராம் வந்துவிடுகிறது.

அடுத்தது பாஸ்பேட். பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டில் பாஸ்பேட்டின் பங்கு ஏறத்தாழ 70 விழுக்காடு என்பதால், லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் உயர்த்த வேளைக்கு 86 மில்லிகிராம், அரை லிட்டர் புட்டிக்கு 4.3 கிராம். இரும்போடு சேர்ந்தால் வீழ்படிவாகக்கூடும் என்பதால் இதைத் தனிப் புட்டியில் வைத்து, இரும்பு ஊற்றாத நாளில் ஊற்றப்போகிறேன்.