வெள்ளிங்கிரி ஏறிய மாமாவும் எலிஃபன்ட் பீச் சேறும்

எங்கள் கோபிச்செட்டிபாளையத்தில் தண்ணீர் என்றால் கொடிவேரி அணையும் தடப்பள்ளி வாய்க்காலும்தான். கடல் பார்க்க எந்தப் பக்கம் கிளம்பினாலும் அஞ்சாறு மணி நேரமாவது ஆகும். அதனால் 2020 ஜனவரியில் அம்மாவையும் மாமாவையும் அந்தமானுக்குக் கூட்டிப்போகிறேன் என்றதும், அம்மா கேட்ட முதல் கேள்வி, "கச்சாயம் எத்தன நாளைக்குச் சுடட்டும்?" கச்சாயம் எங்கள் பக்கத்து இனிப்புப் பலகாரம்.

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரம், அப்புறம் போர்ட் பிளேயரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) அரசுக் கப்பலில் இரண்டரை மணி நேரம், ஹேவ்லாக் வந்துவிடும். 2018 டிசம்பரில் அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனால் ஆட்டோக்காரர் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் இன்னும் ஹேவ்லாக்தான்.

அங்கேயுள்ள எலிஃபன்ட் பீச்சுக்குப் படகிலும் போகலாம். நாங்கள் நடப்பது என்று முடிவு செய்தோம். ராதாநகர் கடற்கரைக்குப் போகும் சாலையில் இறங்கி, வனத்துறை நோட்டில் பெயர் எழுதிவிட்டுக் காட்டுக்குள் நுழைந்தால் சுமார் 2 கிலோமீட்டர். அவ்வளவுதான். மாமா வெள்ளிங்கிரி பதினெட்டுத் தடவை ஏறியவர். "ஏழு மலை ஏறுன காலுக்கு இதெல்லாம் ஒரு நடையாடா?" என்று சிரித்தார். அம்மாவுக்கோ முட்டிவலி. நான் பயந்தது அம்மாவை நினைத்துத்தான்.

முதல் ஒரு கிலோமீட்டர் மாமா சொன்னதுபோலவே இருந்தது. லேசான இறக்கம், பெரிய பெரிய மரங்கள், காலை ஏழு மணிக்கே வேர்த்துக் கொட்டும் புழுக்கம். கூட வந்த வழிகாட்டிப் பையனோடு திருப்பூர் பனியன் கம்பெனியில் வடநாட்டுத் தொழிலாளர்களிடம் கற்றுக்கொண்ட என் அரைகுறை இந்தியில் பேசிக்கொண்டே நடந்தேன். நம்ம டாப்சிலிப் மாதிரி இங்கேயும் மரம் இழுக்க யானைகள் இருந்திருக்கின்றன, கடற்கரைக்குப் பேர் வந்தது அப்படித்தான் என்றான். கடலில் நீந்திப் பேர் வாங்கிய ராஜன் என்ற யானையும் இந்தத் தீவில்தான் இருந்தது, 2016இல் இறந்துவிட்டது.

மரங்களுக்கிடையே கடல் நீலமாகத் தெரிய ஆரம்பிக்கும்போது தரை திடீரென்று சேறாகிவிட்டது. அலையாத்திக் காடு. சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்த மாதிரி நூற்றுக்கணக்கான வேர்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. அந்தச் சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் வேர்கள் மூச்சு விட வெளியே வருகின்றன. மாமா வீறாப்பாக ஒரு எட்டு வைத்தார், முழங்கால் வரை உள்ளே போயிற்று. காலை இழுத்தார், கால் மட்டும் வந்தது, செருப்பு வரவில்லை. குனிந்து அதைத் தேடும்போது உட்கார்ந்தேவிட்டார்.

அம்மா சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டார். நாற்பது வருஷம் நடவு வயலில் நடந்த கால். விரல்களை முதலில் இறக்கி, வேர் குத்துகிறதா என்று தடவிப் பார்த்து, சேறு பிடிப்பதற்குள் உருவி, அடுத்த எட்டு. கச்சாயப் பாத்திரம் ஒரு கையில், தம்பியின் செருப்பு இன்னொரு கையில். முட்டிவலி எங்கே போனதோ! வழிகாட்டிப் பையனே நின்று பார்த்தான்.

கரையில் ஆளில்லை, படகுகள் வர இன்னும் நேரமிருந்தது. வெளுத்துப்போன மரங்கள் வேரோடு மணலில் சாய்ந்து கிடந்தன, 2004 சுனாமியில் விழுந்தவையாம். அதில் ஒன்றின்மேல் உட்கார்ந்து கச்சாயம் தின்றோம். பையனுக்கு அம்மா நாலு கொடுத்தார். "இத்தன தண்ணி கெடக்குது, ஒரு வயலுக்கு ஆகுதா பாரு" என்றார் கடலைப் பார்த்து. ஒன்பது மணிக்கு மேல் படகுப் பட்டாளம் வந்து இறங்கியதும் இரைச்சல் தொடங்கிவிட்டது, அதனால் போகிறவர்கள் விடியலிலேயே, தண்ணீர் வற்றியிருக்கும் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். வார் வைத்த செருப்பு நல்லது. ஷூ போட்டால் ஷூவுக்குத்தான் கஷ்டம்.

திரும்பும்போது சேறு வந்த இடத்தில் மாமா நின்றுவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார், அப்புறம் ஒதுங்கி வழி விட்டார்.

"நீங்க முன்னால போங்கக்கா."