மணலுக்கு மேல் ஒன்றரை முழம் வண்டல்: படுகை நிலத்தின் தண்ணீர்க் கணக்கு

காவிரி, கொள்ளிடக் கரையோரத்துப் படுகை நிலங்களை ‘நல்ல வடிகால் உள்ள வண்டல் மண்’ என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். சொன்னது சரிதான். ஆனால் வண்டலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்ற பாதி அதில் விடுபட்டுப்போகிறது. பல இடங்களில் முக்கால் முழத்திலிருந்து இரண்டு முழ ஆழத்துக்குள் ஆற்று மணல் வந்துவிடும். மேலே வண்டல், கீழே மணல். பாசனம், உரம், குழி, வாய்க்கால் என எல்லாக் கணக்கும் இந்த இரண்டும் தொடுகிற கோட்டை வைத்துத்தான் போட வேண்டும். அந்த ஆழம் தெரியாமல் விவசாயம் செய்தால் தண்ணீரும் யூரியாவும் ஆற்று மணலுக்குத்தான் போகும்.

இந்த அடுக்கை உண்டாக்கியது ஆறு. வேகமாக ஓடும் தண்ணீர்தான் மணலை உருட்டிக்கொண்டு போகும். ஆறு தடம் மாறி ஒதுங்கியதும் பழைய மணல்திட்டு கரையாகிவிடுகிறது. பிறகு வரும் வெள்ளம் கரை தாண்டி அதன் மேல் பரவும்போது வேகம் குறைந்து, மிதந்து வந்த நுண்துகள் படிகிறது. துகளின் விட்டம் 0.05 மில்லிமீட்டருக்குமேல் 2 மில்லிமீட்டர்வரை இருந்தால் மணல், 0.002 வரை வண்டல், அதற்கும் கீழே களி. தேங்கிய தண்ணீரில் 10 சென்டிமீட்டர் இறங்க, நம் ஊர் 30 டிகிரி வெப்பத்தில் மிக நுண்ணிய மணலுக்கு 35 விநாடி போதும். மிக நுண்ணிய வண்டலுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேலாகும். களி கடைசிவரை மிதந்து, வெள்ளம் வெகுநேரம் தேங்கும் தாழ்ந்த வயல்களில்தான் படியும். ஆற்றை ஒட்டிய மேடான படுகை வாழைக்கும், உள்ளே தள்ளியிருக்கும் தாழ்வான களி நிலம் நெல்லுக்கும் என்று ஆனதற்குக் காரணம் இதுதான்.

மண்ணைக் கையில் எடுத்தாலே அடையாளம் தெரியும். ஈரவண்டலை விரலிடுக்கில் தேய்த்தால் முகப்பவுடர் போல வழுக்கும், பிசுபிசுக்காது. கட்டைவிரலால் தள்ளி நாடாவாக நீட்டினால் ஒரு அங்குலத்துக்குள் முறிந்துவிடும். நீளமாக வந்தால் களி அதிகம். நறநறவென்றால் மணல் கலந்திருக்கிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அடியில் மணல் இருந்தால் ஊற்றிய தண்ணீர் உடனே கீழே ஓடிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். நடப்பது வேறு. வண்டலின் துளைகள் மிகச் சிறியவை, தண்ணீரை இறுகப் பிடித்து வைத்திருக்கும். மணலின் துளைகள் பெரியவை, அவற்றுக்கு அந்த இழுவிசை கிடையாது. அதனால் மேலிருந்து இறங்கும் ஈரம் கோட்டுக்கு வந்ததும் நின்றுவிடும். கோட்டை ஒட்டிய வண்டல் ஏறக்குறைய முழுவதும் நிறைந்த பிறகுதான் மணலுக்குள் சொட்ட ஆரம்பிக்கும். கீழே மணல் எவ்வளவு பருமனோ அவ்வளவு வலுவாக இந்தத் தடுப்பு வேலை செய்யும். ஆகவே மணல் மேல் உட்கார்ந்த வண்டல், ஆழம்வரை வண்டலாகவே இருக்கும் நிலத்தைவிடத் தன் வேர்ப்பகுதியில் கூடுதல் ஈரத்தை வைத்திருக்கிறது. படுகையின் பெரிய பலம் இது.

ஆனால் நிறைந்த பிறகு ஊற்றும் ஒவ்வொரு குடமும் வீண். அது மணலில் பரவலாகக்கூட இறங்காது. விரல் விரலாகத் தனித்தனித் தடங்களில் வேகமாக இறங்கி வேருக்கு எட்டாமல் போய்விடும். கீழிருந்து மேலே வரவும் வழி இல்லை. வண்டலில் ஒரு மீட்டருக்கு மேல் ஏறக்கூடிய நீர், பருமணலில் ஒரு சாண் ஏறினால் அதிகம். பத்தடியில் ஊற்று இருக்கிறது, வாழை தானாக உறிஞ்சிக்கொள்ளும் என்று சித்திரையில் பாசனத்தைத் தள்ளிப்போட்டால் தார் சிறுத்துவிடும்.

எனவே முதல் வேலை வண்டலின் கனத்தை அளப்பது. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள மண் ஆகர் (நிலத்தைத் துளைத்து மண்ணை எடுக்கும் கைக்கருவி) ஒன்று போதும். ஏக்கருக்கு ஐந்து இடமாவது போடுங்கள். நான்கு மூலையும் நடுவும் என்று இல்லாமல், ஆற்றிலிருந்து உள்பக்கம் நோக்கி ஒரே வரிசையாகப் போட்டால் நல்லது. வண்டலின் கனம் பெரும்பாலும் அந்தத் திசையில்தான் மாறும். ஒவ்வொரு சாணுக்கும் எடுத்த மண்ணை வரிசையாகச் சாக்கில் வைத்துப் பாருங்கள். நிறம் சீரான பழுப்பாக இருந்தால் வடிகால் நன்றாக இருக்கிறது. ஒரு மீட்டருக்குள் சாம்பல் நிறமும் துருப்புள்ளியும் மாறி மாறி வந்தால் ஆண்டில் சில மாதம் அங்கே தண்ணீர் நிற்கிறது. அது வேறு வகை நிலம், இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது. கோடு வெட்டினாற்போல் இருக்கிறதா, பொடிமணலாகி மெல்ல மெல்லப் பருமணலாகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மெல்ல மாறினால் நான் சொன்ன தடுப்பு பலவீனமாக இருக்கும்.

ஆகர் கிடைக்காவிட்டால் கோடையில் வாழைத் தோட்டத்தைக் காலை பத்து மணிக்குச் சுற்றிப் பாருங்கள். நடுநரம்பின் இருபக்கமும் இலை முதலில் மடிகிற மரங்கள் ஒரு பட்டையாக, வளைந்து போவதுபோல் நின்றால், அடியில் பழைய ஆற்றுத்தடம் இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே வண்டல் கனம் குறைவு. அந்தப் பட்டையைத் தனி மடையாகப் பிரிப்பதுதான் தீர்வு. மொத்த வயலுக்கும் சேர்த்துத் தண்ணீரைக் கூட்டினால் மற்ற இடமெல்லாம் கசிந்து போகும்.

அளவு கிடைத்ததும் கணக்கு எளிது. வண்டல் ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் பயிர் எடுக்கக்கூடிய ஈரமாகச் சுமார் 18 மில்லிமீட்டர் வைத்திருக்கும். மணல் 5 முதல் 7 தான். 60 சென்டிமீட்டர் வண்டலில் 108 மில்லிமீட்டர். வாழை அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல், 35 சதவீதம் குறைந்ததும் வாடத் தொடங்கும் பயிர். ஆக ஒரு பாசனத்தில் திருப்பி நிரப்ப வேண்டியது 38 மில்லிமீட்டர். ஏக்கருக்கு 1.54 லட்சம் லிட்டர். மோட்டார் விநாடிக்கு 10 லிட்டர் தந்தால் நாலேகால் மணி நேரம். முழு வளர்ச்சியில் கோடை வாழை நாளொன்றுக்கு 7 முதல் 8 மில்லிமீட்டர் குடிக்கும் என்று வைத்தால் ஐந்து நாளுக்கு ஒரு பாசனம். இதே வாழை 40 சென்டிமீட்டர் வண்டலில் நின்றால் ஒரு தடவைக்கு 25 மில்லிமீட்டர், இடைவெளி மூன்று நாள். மொத்தத் தண்ணீர் ஒன்றுதான், பங்கு போடுவதுதான் மாறுகிறது. மூன்று நாளுக்கு ஒருமுறை வேண்டிய இடத்தில் வாரம் ஒருமுறை வெள்ளமாக விடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. 38 போதும் என்ற இடத்தில் 60 விட்டால், ஏக்கருக்கு 89 ஆயிரம் லிட்டர் மணலுக்குள் போகிறது.

சரியாக விட்டோமா என்று பார்க்க மறுநாள் ஆகரை இறக்கி, கோட்டுக்கு ஒரு சாண் கீழே உள்ள மணலை எடுங்கள். பிடித்தால் உருண்டையாக நின்று உள்ளங்கை நனைந்தால் அதிகம் விட்டிருக்கிறீர்கள். உதிர்ந்தால் அளவு சரி. சொட்டுநீர் போட்டிருந்தாலும் இந்தச் சோதனை வேண்டும். வண்டலில் ஈரம் பக்கவாட்டில் நன்றாகப் பரவும், கோட்டில் முட்டியதும் இன்னும் விரியும். அதனால் தினமும் கொஞ்சநேரம் ஓட்டுவதே மேல். ஒரேயடியாக ஐந்தாறு மணி நேரம் ஓட்டக்கூடாது.

உப்புத்தண்ணீர் போர் உள்ளவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீரை அளந்து விட்டால் உப்பும் வண்டலிலேயே தங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்து கழுவிவிட்டால் கவலையில்லை. மழை பொய்த்த ஆண்டில் மண்ணின் உப்பு அளவைப் பரிசோதித்து, தேவைப்பட்டால் ஒருமுறை நிறைய விட்டுக் கழுவத்தான் வேண்டும். அந்தக் கழுவலை உரம் போடுவதற்கு முன்பு செய்யுங்கள்.

உரமும் தண்ணீரோடு போகும் சரக்குதான். வண்டல் களியைப்போல் சத்தைப் பிடித்து வைக்காது. நைட்ரேட் தண்ணீர் போகும் இடத்துக்கெல்லாம் போகும். மணலில் இறங்கிவிட்டால் திரும்பாது. தோட்டக்கால் வாழைக்கு (நேந்திரன் தவிர்த்து) மரத்துக்கு 110 கிராம் தழைச்சத்து, 330 கிராம் சாம்பல்சத்து என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை. அதாவது 239 கிராம் யூரியா, 550 கிராம் பொட்டாஷ். மூன்று தவணையாகப் போடுவது பொது வழக்கம். வண்டல் ஒரு முழத்துக்கும் குறைவாக உள்ள இடத்தில் ஆறு தவணையாக, ஒவ்வொன்றிலும் 40 கிராம் யூரியா, 92 கிராம் பொட்டாஷ் என்று பிரிப்பதே சரி என்பது என் கருத்து. கூலி கூடும்தான். ஆனால் ஒரு பெருமழையில் மூன்றில் ஒரு பங்கு போவதைவிட ஆறில் ஒரு பங்கு போவது பரவாயில்லை. உரம் போட்ட அன்று தண்ணீரை மேலோட்டமாக மட்டும் விடுங்கள்.

மேல்மண்ணின் குறை பொருக்கு. வண்டல் துகள்களை ஒட்டவைக்கக் களியும் இல்லை, மட்கும் குறைவு. மழைத்துளி அடித்ததும் கட்டி கரைந்து, துளைகளை அடைத்துக் காய்ந்து ஏடாகிவிடும். எள், கீரை போன்ற சிறுவிதை அதைப் பிளந்து வரமுடியாது. இதற்கு ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம், வாழைச்சருகு மூடாக்கு இரண்டும்தான் மருந்து. விதைத்தபின் பெருமழை பெய்துவிட்டால் ஏடு காய்ந்து இறுகுவதற்குள் லேசாகத் தெளித்து நனைத்தால் முளை வெளியே வந்துவிடும். ரோட்டவேட்டரை மூன்று நான்கு சால் ஓட்டிப் புழுதியாக்குவது இந்த மண்ணுக்குச் செய்யும் துரோகம். மேலே பொருக்கு, அரையடிக்குக் கீழே இறுகிய தட்டு, இரண்டும் அதனால் வரும். உழுமுன் ஒரு பிடி மண்ணை உருட்டிப் பாருங்கள். பென்சிலைவிட மெல்லிய திரியாக முறியாமல் வந்தால் ஈரம் அதிகம், இன்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும்.

வெற்றிலைக் கொடிக்கால் போடுபவர்கள் வாய்க்கால் ஆழத்தை யோசித்துத்தான் வெட்ட வேண்டும். பாத்திகளுக்கு இடையே அரை மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் என்பது வழக்கமான அளவு. வண்டலே அரை மீட்டர்தான் என்றால் வாய்க்காலின் அடி மணலைத் தொட்டுவிடும், விட்ட தண்ணீர் கடைமடைக்கு வந்துசேராது. அடியில் ஒரு சாண் வண்டலையாவது விட்டுவைத்து, ஆழத்தைக் குறைத்து, பாத்தியை உயர்த்திக்கொள்ளுங்கள். தென்னைக்கு மூன்றடிக் குழி எடுத்தால் மணலைத் தொடாமல் இருக்காது. எடுக்கும்போதே வண்டலை ஒருபக்கமும் மணலை இன்னொரு பக்கமும் குவித்து, வண்டலையும் எருவையும் மட்டும் உள்ளே தள்ளுங்கள். சமன்படுத்த புல்டோசரை இறக்கும்போதும் இதே எச்சரிக்கைதான்: மேட்டில் இருக்கும் வண்டலைச் சீவிப் பள்ளத்தில் கொட்டினால் மேடு முழுக்க மணல்காடாகிவிடும். மேல் ஓரடியை ஒதுக்கி வைத்து, அடிமண்ணைச் சமன் செய்து, அதன் மேல் திரும்பப் பரப்ப வேண்டும்.

ஆற்றோரத்து வயலுக்குக் கரை அரிப்பு தனிக் கவலை. தண்ணீர் அடியில் மணலை உருவிக்கொண்டு போகும், மேலே வண்டல் பாளமாகத் தொங்கி, வெள்ளம் வடியும்போது ஈரப் பாரத்தில் சரியும். கரையின் மேல் மட்டும் கல் அடுக்கிப் பயனில்லை. நாணலை அழிக்காமல் விடுவதும், சரிவில் வெட்டிவேரை நெருக்கமாக நடுவதும் உதவும்; வெட்டிவேர் இரண்டு மூன்று மீட்டர்வரை இறங்கிக் கோட்டைத் தாண்டி மணலையும் பிடிக்கும்.

2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மதகுகள் உடைந்ததே, அதுபோன்ற பெருவெள்ளத்தில் சில வயல்களில் மணல் மேலே ஏறிவிடும். ஒரு கை அளவு, அதாவது மூன்று நான்கு அங்குலத்துக்குள் என்றால் உழுது கலந்து எரு சேர்த்துவிடலாம். அதற்கு மேல் போனால் வழித்து அகற்றத்தான் வேண்டும். அகற்றும்போது அடியில் உள்ள பழைய வண்டலைச் சேர்த்து வழிக்காமல் நிறம் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள்.

செங்கல் சூளைக்கு மேல்மண் கொடுக்கக் கேட்டு வருபவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். 10 சென்டிமீட்டர் வண்டல் போனால் ஏக்கருக்கு 73 ஆயிரம் லிட்டர் தேக்கிவைக்கும் இடம் போகிறது. ஓரடி போனால் இரண்டு லட்சத்துக்கு மேல். 1934-இல் மேட்டூர் அணை வந்ததிலிருந்து மேலிருந்து வரும் வண்டலில் பெரும்பகுதி அணையிலேயே படிந்துவிடுகிறது. போனதை ஆறு பழையபடி கொண்டுவந்து போடாது.