பூங்காவில் சிறுமிகளுக்கும் இடம் வேண்டும்

ஒன்பது வயதைத் தாண்டியதும் சிறுமிகள் பூங்காவுக்கு வருவது வெகுவாகக் குறைவதை 1990களில் வியன்னா நகர ஆய்வு காட்டியது. ஆர்வம் இல்லாமல் இல்லை, இடம்தான் விடவில்லை. கம்பிவேலி போட்ட மைதானத்துக்கு ஒரே குறுகிய வாசல். அங்கே நாலு பையன்கள் நின்றுவிட்டால் எந்தச் சிறுமி உள்ளே போவாள்? 1999-இல் அங்கே இரண்டு பூங்காக்களில் பெரிய திடலைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, வாலிபால், பேட்மிண்டனுக்கும் இடம் ஒதுக்கினார்கள். சிறுமிகள் வரத் தொடங்கினார்கள்.

நீங்கள் பூங்கா அமைப்பதானால் முதலில் வாசலைக் கவனியுங்கள்: எதிரெதிராக இரண்டு, இருவர் சேர்ந்து நுழையும் அகலத்தில். பெஞ்சுகள் முகம் பார்த்துப் பேசும்படி இருக்கட்டும். விளக்கில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஆடுகளம் மட்டும் பளீரென்று இருந்தால், வெளியே வந்ததும் கண்ணை இருட்டும். பஸ் ஸ்டாப் வரை சீரான வெளிச்சம் வேண்டும். கழிப்பறையில் தாழ்ப்பாள், தண்ணீர், நாப்கின் போட மூடியுள்ள தொட்டி, மூன்றையும் தினமும் பாருங்கள்.