பெட்டிச் செய்தியை எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது?

நாளிதழின் உலகச் செய்திப் பிரிவில் இருப்பவர்களுக்கு, எங்கே சண்டை மூண்டாலும் ஒரு வேலை கூடவே வந்து சேரும். முக்கியச் செய்திக்குப் பக்கத்தில் 'பின்னணி' என்று ஒரு பெட்டிச் செய்தி எழுத வேண்டும். விளம்பரம் போக மிஞ்சிய இடத்தில், பக்கம் அச்சுக்குப் போவதற்குள். முதல் வரியிலேயே சிக்கல் வந்துவிடும். எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது?

பழைய யூகோஸ்லாவியாவில் செர்பியாவுக்குள் இருந்த கொசோவோவையே எடுத்துக்கொள்வோம். 1389-ல் ஒட்டோமான் படையோடு பொருதிய களம் அங்கே இருக்கிறது, எங்கள் பழைய மடாலயங்கள் இருக்கின்றன, ஆகவே மண் எங்களுடையது என்பது செர்பியத் தரப்பு. இன்று அங்கே வாழ்பவர்கள் யார், எண்ணிப் பாருங்கள் என்பது பெரும்பான்மையான அல்பேனியர்களின் தரப்பு. ஒருவர் கல்லறைகளை எண்ணுகிறார், மற்றவர் தலைகளை. இரண்டு கணக்கும் பொய்யில்லை, தொல்லையே அதுதான். (அல்பேனியர்களிலும் சிலர் பண்டைய இலிரியர்கள் வரை பின்னால் போவதுண்டு. அந்தப் பந்தயத்துக்கு முடிவே கிடையாது.)

1389 என்று தொடங்கினால், 'அறுநூறு வருஷப் பகை, யார் என்ன செய்ய முடியும்' என்று வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். நான் 1980-ல் தொடங்குவேன். அந்த மே மாதம், யூகோஸ்லாவியாவை நெடுங்காலம் ஆண்ட டிட்டோ இறந்தார். தலைக்கு மேல் வெளிநாட்டுக் கடன், ஏறிக்கொண்டே போன விலைவாசி, யார் பணம் யாருக்குப் போகிறது என்று நாட்டின் உறுப்புக் குடியரசுகளுக்குள் சண்டை. பின்னாளில் செர்பியாவின் அதிபரான மிலோசெவிச் ஒரு காலத்தில் வங்கித் தலைவர், பிறகு கட்சி நிர்வாகி. 1987 ஏப்ரலில் கொசோவோ போய் அங்கிருந்த செர்பியர்களின் குறையைக் கையில் எடுத்த பிறகுதான் அவர் கொடி உயரப் பறந்தது. 1989-ல் கொசோவோவின் தன்னாட்சி வெட்டப்பட்டது. அதே ஆண்டு ஜூனில், பழைய போரின் 600-வது ஆண்டு விழா மேடையில் அவர் நின்றார். 1389 அவருக்குப் பதவிக்கு ஏறும் படிக்கட்டு.

யூகோஸ்லாவியாவின் இன்னொரு குடியரசான பொஸ்னியாவில் 1991 கணக்கெடுப்பின்படி முஸ்லிம்கள் சுமார் 44 சதவீதம், செர்பியர் 31, குரோட்டுகள் 17. 'யூகோஸ்லாவியர்' என்றே பதிந்துகொண்டவர்களும் 5 சதவீதத்துக்கு மேல் இருந்தார்கள். மறு ஆண்டே போர், 1995-க்குள் ஏறக்குறைய ஒரு லட்சம் சாவு. வெறுப்பைவிட அச்சம்தான் வேகமாகப் பரவியது என்பது என் எண்ணம். நம்மைக் காக்க அரசு இருக்காது என்று தெரிந்ததும் ஒருவன் துப்பாக்கி வாங்குகிறான். அவன் வாங்கிவிட்டான் என்பதே அடுத்த வீட்டுக்காரன் வாங்கக் காரணமாகிறது.

ஆர்மீனியர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த, அஜர்பைஜானுக்குள் இருக்கும் நகோர்னோ-கராபக் என்றால் வரைபடம் போடுபவர் கேட்பார், 'புள்ளிக்கோடா, முழுக்கோடா?' 1923-ல் சோவியத் அஜர்பைஜானுக்குள் தன்னாட்சிப் பகுதி, 1988-ல் ஆர்மீனியாவோடு சேரத் தீர்மானம், 1994-ல் போர் நிறுத்தம். அந்தப் போரில் சுற்று மாவட்டங்களிலிருந்து அஜர்பைஜானியர்கள் லட்சக்கணக்கில் விரட்டப்பட்டார்கள். 2023 செப்டம்பரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் சில நாட்களில் வெளியேறினார்கள். தான் அடிபட்ட ஆண்டிலிருந்து எழுதச் சொல்வார்கள் இரு தரப்பாரும்.

சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையே இருக்கும் ஆலந்து தீவுகளைப் பற்றி யாரும் பெட்டிச் செய்தி கேட்பதில்லை. அங்கே சுவீடிஷ் பேசுபவர்கள் சுவீடனோடு சேரத்தான் விரும்பினார்கள். 1921-ல் ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் தீவுகளைப் பின்லாந்துக்குக் கொடுத்தது. ஆனால் பள்ளி மொழி சுவீடிஷ், வெளியார் நிலம் வாங்கக் கட்டுப்பாடு, தன்னாட்சி, எல்லாவற்றுக்கும் எழுத்தில் உத்தரவாதம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தது. பின்லாந்து அதைச் சட்டமாக்கியது, சுவீடன் மனமில்லாமல் ஒப்புக்கொண்டது.