வாடகை வீடு தேடிய இரண்டு மாதம்

அக்டோபர் 4, 2025, சனி

நான்கு வருடம் குடியிருந்த வீட்டை வீட்டுக்காரர் விற்கப் போகிறார். இரண்டு மாத நோட்டீஸ் வந்துவிட்டது. நல்ல மனிதர். ஒரு ஜனவரி இரவு பாய்லர் நின்றுபோனபோது, பத்து மணிக்குத் தானே இரண்டு ஹீட்டரைக் காரில் கொண்டுவந்து இறக்கினார். அப்படிப்பட்டவர் எங்கள் டெபாசிட்டை மட்டும் தன் வங்கிக் கணக்கிலேயே வைத்திருந்திருக்கிறார். இன்று கேட்டபோதுதான் தெரிந்தது. இங்கிலாந்தில் 2007 ஏப்ரலிலிருந்தே டெபாசிட்டை அரசு அங்கீகரித்த திட்டம் ஒன்றில் பதிய வேண்டும். பணம் வாங்கிய 30 நாளுக்குள் அந்த விவரம் வாடகைக்காரர் கைக்கு வர வேண்டும். தவறினால் நீதிமன்றம் ஒரு மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை கொடுக்கச் சொல்லலாம். வழக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. சாவி கொடுக்கும் அன்றே முழுப் பணமும் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இந்தத் தடவை ஏஜென்சி மூலம்தான் வீடு என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம்.

அக்டோபர் 11, சனி

ஏஜென்சி காட்டிய வீடு, மாதம் 1,300 பவுண்டு. பளிச்சென்று இருக்கிறது. பார்க்கப் பதினைந்து நிமிடம் கொடுத்தார்கள், வெளியே அடுத்த குடும்பம் காத்திருந்தது. தண்ணீர் மெயின் வால்வு எங்கே என்று கேட்டேன். காட்ட வந்த பையனுக்குத் தெரியவில்லை. பாவம், அவனும் இன்றுதான் முதல் தடவை உள்ளே வந்திருப்பான்.

ஏஜென்சி என்றால் பணம் ஒழுங்கான கணக்கோடு போகிறது என்பது உண்மை. முன்பெல்லாம் விசாரணைக் கட்டணம், பத்திரக் கட்டணம் என்று ஏஜென்சிகள் தனித்தனியாக வாங்குவார்கள். 2019 ஜூன் 1 முதல் அதற்கெல்லாம் தடை. வீட்டைப் பிடித்து வைக்க ஒரு வார வாடகை வரை கேட்கலாம், இங்கே 300 பவுண்டு. எங்கள் பணத்துக்குக் காப்புத் திட்டம் இருக்கிறது, புகார் சொல்ல வெளியே ஓர் அமைப்பும் இருக்கிறது.

அக்டோபர் 14, செவ்வாய்

300 பவுண்டைக் கட்டும் முன் போன் போட்டேன். "குடிவந்த பிறகு ஏதாவது ரிப்பேர் என்றால் உங்களைத்தான் கூப்பிட வேண்டுமா?"

இல்லையாம். அவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் வேலை மட்டும்தான். சாவி கைமாறியதும் எல்லாம் வீட்டுக்காரரோடுதான். அவர் யார்? வெளிநாட்டில் இருக்கிறார், மின்னஞ்சல் முகவரி தருவார்கள்.

முழு நிர்வாகத்தையும் பார்க்கும் ஏஜென்சியும் உண்டு, வாடகை மட்டும் வசூலிப்பதும் உண்டு, ஆள் பிடித்துக் கொடுத்துவிட்டு விலகுவதும் உண்டு. ஜன்னலில் தொங்கும் போர்டைப் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். எனக்கு வயிற்றைக் கலக்கியது இன்னொன்று. வீட்டுக்காரர் வெளிநாட்டில் வசித்து, நடுவில் ஏஜென்ட் இல்லாமல் வாரம் 100 பவுண்டுக்கு மேல் நேராக அவருக்கே வாடகை கொடுத்தால், அடிப்படை வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டுவது வாடகைக்காரர் பொறுப்பு. பிடிக்க வேண்டாம் என்று வரித்துறை நமக்குக் கடிதம் அனுப்பியிருந்தால்தான் விலக்கு. அப்படி ஒரு கடிதம் உண்டா என்று கேட்டேன். "விசாரித்துச் சொல்கிறோம்" என்றார்கள்.

அக்டோபர் 19, ஞாயிறு

ஏஜென்சியிலிருந்து பதில் இல்லை. தெரிந்தவர் சொன்னதால் இன்னொரு வீட்டுக்குப் போனோம். ஓய்வுபெற்ற பெரியவர், சொந்தக்காரரே. 1,250 பவுண்டு. முக்கால் மணி நேரம் காட்டினார். மெயின் வால்வு சமையலறைத் தொட்டிக்குக் கீழே, அதில் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறார். பின் அறையில் அலமாரியைத் தானே நகர்த்தி, சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு இருந்த ஈரக்கறையைக் காட்டினார். நான் கேட்கவே இல்லை.

அப்புறம் காகிதப் பேச்சு வந்தது. கேஸ் பாதுகாப்புச் சான்றிதழ் 2023-ல் எடுத்தது. அதை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். டெபாசிட் இரண்டு மாத வாடகை கேட்டார். ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது அங்கிள், இந்த வாடகைக்கு 1,442 பவுண்டுதான் வரும் என்றேன். எந்தத் திட்டத்தில் பதிவீர்கள் என்றும் கேட்டேன்.

முகம் வாடிவிட்டது. "என்னில நம்பிக்கை இல்லையோ பிள்ளை?"

பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. உங்கள் மேல் நம்பிக்கை இருக்கிறது, நாளைக்கு உங்களுக்கு ஒன்று என்றால் உங்கள் பிள்ளைகளிடம் நான் எதைக் காட்டுவேன் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, பணத்தை அந்தத் திட்டமே வாங்கி வைத்துக்கொள்ளும் வகையும் உண்டு, வீட்டுக்காரருக்குச் செலவில்லை என்று என் போனில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு முழுசாகப் படித்தார்.

அக்டோபர் 28, செவ்வாய்

வாடகைதாரர் உரிமைச் சட்டத்துக்கு நேற்று அரச ஒப்புதல் கிடைத்துவிட்டது. காரணம் சொல்லாமல் காலி செய்யச் சொல்ல இடம் கொடுத்த பழைய சட்டத்தின் 21-ஆம் பிரிவு போகப் போகிறது. பெரியவர் போன் செய்தார், செய்தி பார்த்துப் பயந்திருக்கிறார். வீட்டை விற்பதென்றால் காரணத்தோடு நோட்டீஸ் கொடுக்க வழி இருக்கிறது என்று விளக்கினேன். கேஸ் என்ஜினியர் வியாழக்கிழமை வருகிறாராம்.

நவம்பர் 14, வெள்ளி

புதுச் சட்டம் 2026 மே 1 முதல் என்று அறிவித்துவிட்டார்கள். விற்பதற்காக என்றாலும் முதல் ஒரு வருடத்துக்குள் எங்களை எழுப்ப முடியாது, அதற்கும் நான்கு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். புதுச் சான்றிதழ் கையில் வந்ததும் பெரியவர் வீட்டுக்கே கையெழுத்துப் போட்டோம்.

நவம்பர் 29, சனி

குடிவந்தாயிற்று. மீட்டர் எண்களைப் படம் பிடித்தேன். அலமாரியை நகர்த்தி ஈரக்கறைக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படம், அதைப் பெரியவருக்கும் அனுப்பினேன். பழைய வீட்டுக்காரர் சொன்னபடி முழுப் பணமும் போட்டுவிட்டார். பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது டெபாசிட் திட்டத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது: 1,442 பவுண்டு, எங்கள் பெயர், ஒரு பதிவு எண். ஐந்து நிமிடத்தில் பெரியவரிடமிருந்து போன்.

"உனக்கும் வந்ததோ பிள்ளை?"

வந்தது அங்கிள் என்றேன்.