மழையில் நின்ற இ-சைக்கிள்: ஒரு ஹால் வயரும் ஒரு கருகிய கனெக்டரும்

ஸ்டீல் ஃபிரேம் சைக்கிள். பின்சக்கரத்தில் 36 வோல்ட், 250 வாட் கியர்டு ஹப் மோட்டார் கிட், அதாவது சக்கரத்தின் நடுவிலேயே, உள்ளே கியரோடு இருக்கும் மோட்டார். பேட்டரி கீழ்க்குழாயில், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் 15 ஆம்பியர் கன்ட்ரோலர் கேரியருக்குக் கீழே ஒரு பையில். இந்திய விதிப்படி 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்ட மின் சைக்கிளுக்குப் பதிவு தேவையில்லை என்பதால் அதைவிடப் பெரிய மோட்டாரை நான் யோசிக்கவே இல்லை. வேளச்சேரியிலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போய்வர இது தாராளம். கோடை முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஐப்பசி மழை பிடித்ததும் மக்கர் ஆரம்பித்தது.

முதலில் சிக்னலில் நின்று கிளம்பும்போது மட்டும் மோட்டார் கடகடவென்று உதறும். பெடல் மிதித்துக் கொஞ்சம் உருட்டிவிட்டால் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒரு பெருமழைக்கு அடுத்த நாள் காலை மொத்தமாகவே மறுத்துவிட்டது. டிஸ்ப்ளேயில் 24 என்று ஒரு எண். என் டிஸ்ப்ளேயில் அதற்கு ஹால் சென்சார் பழுது என்று பொருள். மோட்டாருக்குள் காந்தம் எந்த இடத்தில் நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்வதுதான் ஹால் சென்சார். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி இந்த எண்கள் மாறும், அதனால் எண்ணை மட்டும் நம்பிப் பொருள் வாங்கக் கூடாது. அலுவலகத்தில் ஒருவர் பார்த்துவிட்டு, "மோட்டார்ல தண்ணி போயிடுச்சு, புதுசு மாத்திடுங்க" என்றார். பெரும்பாலானோர் இதைத்தான் சொல்வார்கள். மோட்டாரின் சுருள் அவ்வளவு எளிதில் சாகாது. அதற்குப் போகும் வயர்தான் முதலில் போகும் என்பது என் கட்சி. அதை அளந்தே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சுலபமானவற்றை முதலில் கழித்தேன். பேட்டரி 39 வோல்ட். பத்து செல் வரிசைக்கு முழு சார்ஜ் 42 வோல்ட், ஆகவே இது நல்ல நிலைதான். பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் கனெக்டர்கள் இரண்டையும் பிரேக் லீவர்களிலிருந்து கழற்றிவிட்டு, த்ராட்டிலை (வேகம் கூட்டும் கைப்பிடி) முறுக்கிப் பார்த்தேன், மாற்றமில்லை. லீவருக்குள் இருக்கும் சின்ன சுவிட்ச் ஈரத்தில் ஒட்டிக்கொண்டாலும் மோட்டார் சுத்தமாக ஓடாது, அதனால் இதை யாரும் தாண்டிப் போகக் கூடாது. த்ராட்டிலின் சிக்னல் வயர் சும்மா இருக்கும்போது 0.8 வோல்ட், முழுதாக முறுக்கினால் 4 வோல்ட்டுக்குப் பக்கம். அதுவும் நன்றாக இருந்தது.

அப்புறம் மோட்டார். தடித்த வயர் மூன்று: மஞ்சள், பச்சை, நீலம். இவைதான் ஃபேஸ், மோட்டாரின் சுருளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் வயர்கள். மெல்லிய வயர் ஐந்து: சிவப்பும் கறுப்பும் ஹால் சென்சாருக்கு 5 வோல்ட் சப்ளை, மீதி மஞ்சள், பச்சை, நீலம் மூன்றும் சிக்னல். ஃபேஸ் ஒன்று அறுந்தாலும் மோட்டார் உதறும், ஹால் ஒன்று போனாலும் உதறும். இரண்டையும் பிரித்தறிய மீட்டர்கூடத் தேவையில்லாத ஒரு சோதனை உண்டு. பேட்டரியைக் கழற்றி, மோட்டாரின் ஃபேஸ் கனெக்டர்களையும் பிரித்துவிட்டு, இரண்டு ஃபேஸ் வயர்களை ஒன்றோடொன்று தொடவைத்துச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். நல்ல மோட்டாரானால் திக்கித் திக்கிச் சுற்றும், கையில் எதிர்ப்பு தெரியும். மஞ்சள்-பச்சை, பச்சை-நீலம், நீலம்-மஞ்சள் என மூன்று ஜோடியிலும் எதிர்ப்பு ஒரே அளவாக இருக்க வேண்டும். எதையும் தொடவைக்காதபோது இலகுவாகச் சுற்ற வேண்டும். கியர்டு ஹப்பில் சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றினால்தான் இது தெரியும். முன்பக்கமாகச் சுற்றினால் உள்ளே இருக்கும் கிளட்ச் விட்டுவிடும், மோட்டார் அசையவே அசையாது. இது தெரியாமல் நல்ல மோட்டாரைப் போய்விட்டது என்று முடிவு கட்டியவர்கள் உண்டு.

எனக்கு மூன்று ஜோடியும் ஒரே மாதிரி திக்கியது. அப்படியானால் சுருளும் ஃபேஸ் வயரும் பழுதில்லை. சுருளின் ஓமை மீட்டரில் அளந்து பார்க்கலாமே என்று தோன்றும். அது ஒரு ஓமுக்கும் மிகக் குறைவு, சாதாரண மல்டிமீட்டர் நல்லதையும் கெட்டதையும் ஒரே எண்ணாகவே காட்டும்.

சரி, ஹால். கன்ட்ரோலர் பைக்குள் வெள்ளை கனெக்டரை மாட்டியபடியே வைத்து, பின்பக்கம் வழியாகக் குண்டூசி நுழைத்து அளந்தேன். கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே 4.9 வோல்ட். சக்கரத்தை மெதுவாகப் பின்னால் சுற்றினால் மஞ்சள் சிக்னல் 0, 5, 0, 5 என்று மாறியது. பச்சையும் அப்படியே. நீலம் மட்டும் எவ்வளவு சுற்றினாலும் 5-லேயே நின்றது.

இங்கே கொஞ்சம் நின்று யோசிப்பது நல்லது. ஹால் சென்சார் தானாக 5 வோல்ட்டைத் தருவதில்லை. சிக்னல் வயரைக் கன்ட்ரோலர்தான் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5-க்கு இழுத்து வைத்திருக்கிறது, காந்தம் எதிரே வரும்போது சென்சார் அதைப் பூஜ்யத்துக்கு இறக்குகிறது. ஆகவே 5-லேயே நிற்கிறது என்றால் வயர் எங்கோ அறுந்திருக்கலாம், அல்லது சென்சார் செத்திருக்கலாம். 0-விலேயே நின்றிருந்தால் ஷார்ட்டைத் தேடியிருப்பேன்.

உதறலுக்கும் இதிலேயே விடை இருக்கிறது. மூன்று சென்சாரும் சேர்ந்து ஒரு மின் சுழற்சியில் ஆறு நிலைகளைச் சொல்லும். மூன்றும் 5, அல்லது மூன்றும் 0 என்ற நிலை நல்ல மோட்டாரில் வராது. நீலம் எப்போதும் 5 என்று சொன்னால் ஆறில் மூன்று நிலை பொய்யாகிவிடும், அதில் ஒன்று மூன்றும் 5 என்ற நடக்கவே முடியாத நிலை. சில இடங்களில் நின்றால் கிளம்புவதும் சில இடங்களில் உதறுவதும் இதனால்தான்.

அடுத்த கேள்வி: சென்சாரா, வயரா? மோட்டாரைத் திறக்கும் முன் இதற்கு விடை வேண்டும். கன்ட்ரோலருக்கும் மோட்டாருக்கும் நடுவே ஒன்பது பின் உருண்டை கனெக்டர் ஒன்று இருக்கிறது. அதைப் பிரித்து, மோட்டார் பக்கத்துக்கு மட்டும் ஒரு போன் சார்ஜரிலிருந்து 5 வோல்ட் கொடுத்து, 5 வோல்ட்டுக்கும் நீல சிக்னலுக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வைத்து அளந்தேன். நீலம் ஒழுங்காக 0, 5 என்று ஆடியது. சென்சார் உயிரோடு இருக்கிறது! அந்த நிமிடத்தின் சந்தோஷம் தனி. மோட்டாரைப் பிரிக்க வேண்டாம், பழுது முழுக்க வெளியே. இந்தச் சோதனை செய்பவர்கள் புரோப் முனையைத் தவிர மீதியை டேப் சுற்றிக்கொள்ளுங்கள். பக்கத்துப் பின்னில் சறுக்கினால் நல்ல சென்சாரும் போய்விடும்.

கனெக்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் நீலப் பின்னின் குழியில் பச்சைக் களிம்பு. கேபிள் கேரியரிலிருந்து நேராகச் சரிந்து இறங்கி கனெக்டரின் வாயிலேயே முடிந்திருந்தது. மழைநீர் வயரைப் பிடித்துக்கொண்டே வந்து உள்ளே நுழைய இதைவிட வசதி வேண்டாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷும் கொண்டு சுத்தம் செய்து, நன்றாக உலரவிட்டு, சிலிகான் கிரீஸ் கொஞ்சம் வைத்து, அம்புக்குறிகள் நேராக வருமாறு மாட்டினேன். கேபிளை கனெக்டருக்கு முன்பே கீழே தொங்கும் ஒரு வளைவாக விட்டுக் கட்டினேன். தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். 24 மறைந்தது. நின்ற இடத்திலிருந்து வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பியது.

கார்த்திகையில் வேறொரு தொல்லை. சமதளத்தில் நன்றாகப் போகும் வண்டி, மேம்பாலம் ஏறும்போது பாதியில் கட் ஆகும். பேட்டரி பாதிக்குக் கீழே இருக்கும் நாட்களில் மட்டும். செல்கள் தளர்ந்துவிட்டனவோ என்றுதான் யாருக்கும் தோன்றும், எனக்கும் பேட்டரியின் விலை கண்ணில் வந்து நின்றது. ஆனால் சும்மா நிற்கும் வண்டியில் இதை அளக்க முடியாது. மல்டிமீட்டரை ஹேண்டில்பாரில் டேப் போட்டு ஒட்டி, நீளமான மெல்லிய வயர்களை ஃபியூஸ் போட்டு இழுத்து, மேம்பாலத்தில் ஏறினேன். பேட்டரி முனையில் 33 வோல்ட். அடுத்த ஏற்றத்தில் கன்ட்ரோலர் முனையில் 31.3. கன்ட்ரோலர் 31-ல் கட் செய்துவிடும். அப்படியானால் நடுவில் ஏறக்குறைய 1.7 வோல்ட் காணாமல் போகிறது.

அதை நேராகவே பிடிக்கலாம். ஒரு புரோப் பேட்டரி பக்கத்து பிளஸ்ஸில், இன்னொன்று கன்ட்ரோலர் பக்கத்து பிளஸ்ஸில். நல்ல இணைப்பானால் லோடிலும் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். எனக்கு 12 ஆம்பியர் ஓடும்போது 1.6 வோல்ட் காட்டியது. மைனஸ் பக்கம் 0.1தான். 12-ஐ 1.6-ஆல் பெருக்கினால் 19 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்னைப் பைக்குள் பற்றவைத்து வைத்தது போலத்தான். பையைத் திறந்தால் பிளஸ் வயரின் கனெக்டர் பிளாஸ்டிக் பழுப்பேறி, உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து கிடந்தது. கன்டின்யூட்டி சோதனையில் இதே கனெக்டர் பீப் அடிக்கும். 1.6-ஐ 12-ஆல் வகுத்தால் வரும் 0.13 ஓம் அந்த பீப்புக்கு ஒன்றுமே இல்லை. பீப் கேட்டது, வயர் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடும் பழக்கத்தை இ-சைக்கிள் விஷயத்தில் மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும்.

சனிக்கிழமை ரிச்சி தெரு போய் எக்ஸ்டி60 கனெக்டர், சிலிகான் வயர், ஹீட் ஷ்ரிங்க் வாங்கினேன். கூடவே 41எஃப் ஹால் சென்சாரும் கேட்டேன். "மோட்டார் பிரிச்சாச்சா தம்பி?" என்றார் கடைக்காரர். "இல்லண்ணே, கையில இருக்கட்டும்" என்றேன். சென்சார் போனால் மூன்றையும் சேர்த்து மாற்றுவதுதான் முறை, திறக்கும் வேலைதான் பெரிது.

சால்டரிங்குக்கு முன் ஒரு எச்சரிக்கை. பேட்டரியின் இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்காதீர்கள். ஒன்றை முடித்து மூடிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றிவிடுங்கள். கன்ட்ரோலரின் கெப்பாசிட்டரிலும் பேட்டரி கழற்றிய பிறகு கொஞ்ச நேரம் சார்ஜ் நிற்கும்.

புதிய கனெக்டரில் அதே ஏற்றத்தில் 0.05 வோல்ட். பேட்டரி அதேதான், மேம்பாலம் முழுக்க ஏறுகிறது.

ஸ்பேனர் கையில் இருந்ததால் ஆக்ஸில் நட்டையும் பார்த்தேன், கால் சுற்று இறுகியது. இது எனக்குப் பிடிக்கவில்லை. மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது ஆக்ஸில் பின்னால் திரும்பப் பார்க்கும். நட் தளர்ந்து அது ஃபோர்க் வாயில் சுழன்றுவிட்டால், ஆக்ஸிலின் ஓட்டை வழியாக வரும் வயர் முழுவதும் முறுக்கி அறுந்துவிடும், ஃபேஸும் ஹாலும் சேர்ந்து ஷார்ட் ஆனால் கன்ட்ரோலரும் கூடவே போகும். இப்போதைக்கு வயரின் தோல் முழுசாக இருக்கிறது. ஆக்ஸில் சுழலாமல் ஃபிரேமோடு பிடித்துவைக்கும் டார்க் ஆர்ம் ஆர்டர் போட்டிருக்கிறேன். அது வந்து மாட்டும்வரை வாராவாரம் நட்டை இறுக்கிப் பார்த்துத்தான் வண்டியை எடுப்பது. தை பிறந்து மழை ஓய்ந்ததும் மோட்டாரின் பக்கமூடியைத் திறந்து, நைலான் கியர்களின் பல் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து, புது கிரீஸ் வைக்க வேண்டும்.